வேலையில்லாத மேய்ப்பன்

ஆடு ஓட்டப் பிறந்த நாய் அடுக்குமாடியில் குடியேறினால், கிழிந்த சோபாவுக்கு யார் பொறுப்பு?

வேலையில்லாத் திண்டாட்டம் இந்திய நகரங்களில் மனிதர்களோடு நின்றுவிடவில்லை. பெங்களூர், புனே, குர்காவ்ன், நவி மும்பை என்று எந்த ஊரின் அடுக்குமாடிக் குடியிருப்பை அண்ணாந்து பார்த்தாலும், ஏதாவது ஒரு பால்கனிக் கம்பிகளுக்கிடையே மூக்கை நீட்டிக்கொண்டு வேலையற்ற தொழிலாளி ஒன்று நிற்பது தெரியும். ஒரு காது விறைத்து நிற்கும். மற்றது பாதியில் மடிந்திருக்கும். முதுகில் அல்சேஷனின் கறுப்பு, கால்களில் தெருநாயின் ஒல்லி. கீழே போகிற ஒவ்வொரு ஸ்கூட்டரையும் கண்ணாலேயே பின்தொடரும். அதன் மூதாதையருக்கு ஒரு தொழில் இருந்தது. அதற்கு இல்லை.

நாய்ப் பிரியர்கள் இதை ‘ஷெப்பர்டு மிக்ஸ்’ என்பார்கள். பெற்றோரில் ஒன்று ஜெர்மன் ஷெப்பர்டு; அபூர்வமாக பார்டர் கோலி அல்லது பெல்ஜியன் மாலினுவா. மற்றது லாப்ரடாராக இருக்கலாம், தெருவில் திரிந்த நாட்டு நாயாகவும் இருக்கலாம். இது வீடு வந்து சேரும் வழிகள் மூன்று. ‘ஒரிஜினல்’ என்ற வாய்வார்த்தையோடு, கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் பதிவுச் சான்று எதுவுமில்லாமல் விற்கப்படுவது ஒன்று. காவலுக்கு வளர்த்த பெட்டை வேலி தாண்டியதால் பிறந்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் சும்மா கொடுக்கப்படுவது இரண்டு. யாரோ கைவிட்டு, காப்பகத்திலிருந்து தத்தெடுக்கப்படுவது மூன்று. முதல் இரண்டு வழிகளில் வந்தவை ஏன் மூன்றாவது வழியின் வாசலில் போய் நிற்கின்றன என்பதுதான் கேள்வி.

விடை அதன் குணக்கேட்டில் இல்லை. அதன் உத்தியோகத்தில் இருக்கிறது.

மேய்ச்சல் நாய் என்பது பாதியில் நிறுத்தப்பட்ட வேட்டை. ஓநாய் இரையை முதலில் உற்றுப் பார்க்கும், பதுங்கி நெருங்கும், துரத்தும், கவ்வும், கொல்லும். மேய்ப்பர்கள் தலைமுறை தலைமுறையாகக் குட்டிகளைப் பொறுக்கியெடுத்து வளர்த்ததில், இந்தச் சங்கிலியின் முதல் மூன்று கண்ணிகள் பலப்பட்டன. கடைசி இரண்டும் தேய்ந்தன. முழுக்கத் தேயாமல் மிஞ்சியது, சொன்ன பேச்சைக் கேட்காத ஆட்டின் குதிகாலில் ஒரு சிறு கவ்வல். இங்கிலாந்தின் வடகோடியில் நார்தம்பர்லாந்து பகுதியில் 1893இல் ‘ஓல்டு ஹெம்ப்’ என்ற நாய் பிறந்தது. குரைக்காமல், பாய்ந்து பிடுங்காமல், பார்வையாலேயே மந்தையை அடக்கும் அதன் பாணி மேய்ப்பர்களுக்குப் பிடித்துப்போயிற்று. இன்றைய பார்டர் கோலிகளில் பெரும்பாலானவை தங்கள் வம்சாவளியை அதனிடம்தான் கொண்டுபோய் நிறுத்துகின்றன.

ஜெர்மன் ஷெப்பர்டின் கதையில் அரசியலும் கலந்தது. மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி 1899இல் ஒரு கண்காட்சியில் பார்த்த மேய்ச்சல் நாயை விலைக்கு வாங்கி, அதே ஆண்டில் ஒரு சங்கமும் தொடங்கினார். அந்த இனத்தின் முதல் பதிவு அந்த நாய்தான். ஆலைகள் பெருகி மந்தைகள் குறைந்தபோது, ஆடு போனால் என்ன, போலீஸ் இருக்கிறது, ராணுவம் இருக்கிறது என்று நாயை வேறு வேலைக்குத் திருப்பினார் அவர். முதல் உலகப் போரில் ஜெர்மனி என்ற பெயரே பிரிட்டனில் கசந்தபோது நாயின் பெயர் ‘அல்சேஷன்’ ஆயிற்று. 1977இல் பிரிட்டிஷ் கென்னல் கிளப் பழைய பெயரைத் திருப்பித் தந்துவிட்டது. ஆனால் இந்தியத் தெருக்களில் அது இன்னும் அல்சேஷன்தான்.

இங்குதான் இந்தியக் குழப்பம் ஆரம்பிக்கிறது. இந்நாட்டின் ஆட்டு மந்தைகளோடு போகும் நாய்கள் பெரும்பாலும் மேய்ப்பவை அல்ல, காப்பவை. இமாசலப் பிரதேசத்தின் கத்தி இடையர்களுடன் மலை ஏறும் கத்தி நாயும், ஜம்மு காஷ்மீரின் பக்கர்வால் மக்களுடன் அலையும் நாயும் ஆடுகளை வளைத்துத் திருப்புவதில்லை. அந்த வேலையை இடையரின் சீழ்க்கையும் குரலும் பார்த்துக்கொள்கின்றன. நாயின் பொறுப்பு சிறுத்தையிடமிருந்தும் ஓநாயிடமிருந்தும் மந்தையைக் காப்பது. சிறுத்தை கழுத்தைக் கவ்வாமல் இருக்க முள் வைத்த இரும்புப் பட்டை கட்டுவது வழக்கம். காவல் நாய்க்குப் பகலில் படுத்துக் கிடப்பதும் வேலையின் ஒரு பகுதி. இராத்திரி விழித்தால் போதும்.

ஆகவே ‘ஆட்டு நாய்’ என்றதும் இந்தியர் மனத்தில் எழுவது காவல்காரன். அல்சேஷன் ரத்தம் உள்ள குட்டியை வாங்கியவுடன் அதை கேட்டருகே சங்கிலியில் கட்டிவிட்டு, காவலாளி வந்துவிட்டார் என்று நிம்மதியடைகிறார்கள். வந்திருப்பது காவலாளி அல்ல, நாள் முழுக்க நடந்து, நிமிஷத்துக்கு நிமிஷம் முடிவெடுத்து, எஜமானரின் சைகைக்குக் காத்திருக்கும் ஓட்டத் தொழிலாளி. அதைக் கட்டிப் போடுவது கணக்குப்பிள்ளையை இருட்டறையில் உட்கார வைப்பது போல. சில மாதங்களில் அது தனக்கே ஒரு கணக்கைக் கண்டுபிடித்துக்கொள்ளும். அந்தக் கணக்கு வீட்டாருக்குப் பிடிப்பதில்லை.

அது கண்டுபிடிக்கும் வேலைகளின் பட்டியல் எல்லா ஊரிலும் ஒன்றுதான். பிறந்தநாள் விழாவுக்கு வந்த குழந்தைகள் ஹாலில் ஓடினால் அவர்களைச் சுற்றிச் சுற்றி வந்து ஒரு மூலையில் ஒதுக்கும். மூலையிலிருந்து தப்பிக்கும் குழந்தையின் குதிகாலை லேசாகக் கவ்வும். குடும்பத்தில் ஒருவர் சமையலறையிலும் ஒருவர் படுக்கையறையிலும் இருந்தால் மந்தை சிதறிவிட்டதே என்று இரண்டுக்கும் நடுவே ஓயாமல் நடக்கும். தெருவில் சைக்கிளோ ஸ்கூட்டரோ கடந்தால், ஓடிப்போகும் ஆட்டைப் பார்த்த கண்ணோடு பாயும். இரண்டு சக்கரங்களில் உருளும் இந்தியாவில் இதைவிட ஆபத்தான பழக்கம் வேறில்லை. வண்டி ஓட்டியவர் விழுவார், நாயும் அடிபடும். விளையாட்டுக்குக் கவ்வியதானாலும் தோலில் பல் பட்டால் அது கடிதான். காயத்தை சோப்புப் போட்டு 15 நிமிஷம் ஓடும் நீரில் கழுவி, மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும். ‘எங்கள் நாய் ஒன்றும் செய்யாது’ என்ற வாக்கியம் ரேபீஸுக்கு மருந்தல்ல.

புகார் வந்ததும் பெரும்பாலான உரிமையாளர்கள் எடுக்கும் முதல் நடவடிக்கை நாயை ஓட வைப்பது. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம், போதாதென்று பந்து எறிவது. இரண்டு வாரம் பலன் தெரியும். மூன்றாவது வாரம், முன்னைவிடத் தாக்குப்பிடிக்கும் நாய் ஒன்று பந்தை வாயில் வைத்துக்கொண்டு இரவு 11 மணிக்கு எதிரே நிற்கும். ஓட்டப் பயிற்சி ஓட்டக்காரரைத்தான் உருவாக்கும். அதிலும் எலும்பின் வளர்ச்சி முனைகள் மூடாத குட்டியை, பெரிய இனங்களில் இதற்கு ஒன்று முதல் ஒன்றரை வயது வரை ஆகும், தார் ரோட்டில் பைக்குக்குப் பின்னால் ஓட விடுவது மூட்டுக்கே உலை வைக்கும்.

நடை வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் மேய்ச்சல் நாய் களைப்பது காலால் மட்டும் அல்ல, தலையாலும். ஸ்டான்லி கோரென் என்ற உளவியலாளர் 1994இல் வெளியிட்ட புத்தகத்தில், கட்டளையைக் கற்றுக்கொள்ளும் வேகத்தை வைத்து நாய் இனங்களை வரிசைப்படுத்தினார். முதலிடம் பார்டர் கோலிக்கு. மூன்றாமிடம் ஜெர்மன் ஷெப்பர்டுக்கு. ஜெர்மனியில் ரிக்கோ என்ற பார்டர் கோலி சுமார் 200 பொருள்களின் பெயரை அறிந்திருந்ததை 2004இல் ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தார்கள். அமெரிக்காவில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஜான் பில்லி வளர்த்த சேசர், 1,022 பொம்மைகளைப் பெயர் சொல்லிக் கேட்டால் எடுத்துவந்தது. அந்த ஆய்வு 2011இல் வெளியானது. சேசர் தன் பெயர்களைக் கற்ற விதத்தில் மாயம் எதுவுமில்லை. ஓர் ஆசிரியர், தினமும் பல மணி நேரம், மூன்று ஆண்டுகள்.

அவ்வளவு நேரம் யாரிடமும் இல்லை. வேண்டியதும் இல்லை. சாப்பாட்டைக் கிண்ணத்தில் கொட்டாமல், அதையே வேலைக்குச் சம்பளமாகத் தரலாம். பழைய துண்டில் சப்பாத்தித் துணுக்குகளை வைத்துச் சுருட்டி முடிச்சுப் போட்டால் பிரித்தெடுக்கக் கால் மணி நேரம் ஆகும். உணவில் பாதியை அறைக்கு அறை ஒளித்துவைத்து மோப்பம் பிடிக்கச் சொல்லலாம். செருப்பு, செய்தித்தாள், சாவிக்கொத்து என்று வாரத்துக்கு ஒரு பொருளின் பெயரைச் சொல்லித் தரலாம். ஐந்து நிமிஷப் பாடம், நாளுக்கு மூன்று தடவை. சரியாகச் செய்த அந்தக் கணமே வெகுமதி, தவறினால் மௌனம். அடி தேவையில்லை. மேய்ச்சல் ரத்தம் ஓடும் நாய்க்கு எஜமானரின் முகம் திரும்புவதே பெரிய தண்டனை.

ஆனால் பாடம் எந்த மொழியில்? இந்திய நகரத்து நாயின் இடர்ப்பாடு ஸ்காட்லாந்து நாய்க்குத் தெரியாது. புனேயில் ஒரு தமிழ்க் குடும்பத்தைக் கற்பனை செய்து பார்க்கலாம். பாட்டி ‘வாடா ராஜா’ என்கிறாள். அப்பா ‘கம்’ என்கிறார். பிள்ளை ‘கமான், கமான்’ என்று இரண்டு தடவை கத்துகிறான். வேலைக்கு வரும் அம்மாள் மராத்தியில் ‘இக்டே யே’ என்கிறார். காலையில் நடக்கக் கூட்டிப்போகும் பையன் ‘இதர் ஆ’ என்று கயிற்றைச் சுண்டுகிறான். ஒரே செயலுக்கு ஐந்து சொற்கள், நான்கு மொழிகள். நாய் குழம்பி நின்றால் அதற்கு முரடு, முட்டாள் என்று பட்டம். தேசிய ஒருமைப்பாட்டை நாயிடமிருந்து எதிர்பார்ப்பதற்குமுன் வீட்டுக்குள் ஓர் ஆட்சிமொழியை முடிவு செய்துகொள்வது நல்லது. எந்த மொழி என்பது முக்கியமில்லை. ஒரு செயலுக்கு ஒரே சொல், அதை எல்லோரும் சொல்லவேண்டும். சமையலறைக் கதவில் ஒரு தாளில் எழுதி ஒட்டிவைத்தால் வேலைக்கார அம்மாளுக்கும் நடத்திச் செல்லும் பையனுக்கும் அது போய்ச் சேரும்.

அந்தத் தாளில் முதலாவதாக இருக்கவேண்டிய சொல் ‘வா’ அல்ல, ‘உட்கார்’ அல்ல. ‘போதும்’ என்ற சொல். பிரிட்டிஷ் மேய்ப்பர்களின் கட்டளைகள் மிகக் குறைவு. வலஞ்சுழியாக வளைக்க ஒன்று, இடஞ்சுழியாக வளைக்க ஒன்று, படுக்க ஒன்று. இவற்றோடு வேலை முடிந்தது என்பதற்கும் ஒன்று உண்டு. அதைக் கேட்டதும் நல்ல நாய் மந்தையை அப்படியே விட்டுவிட்டு எஜமானரின் காலடிக்கு வந்துவிடும். நகர வீட்டில் இந்தச் சொல்லை யாரும் கற்றுத் தருவதில்லை. பந்து எறியத் தொடங்கியவர் தனக்குக் கை வலித்தால் நிறுத்துகிறார். நாய்க்கு விளையாட்டு முடிந்ததா, இடைவேளையா என்பது தெரியாது. வளர்ந்த நாய் ஒன்று நாளில் பாதிக்கு மேல் தூங்கவேண்டும். தானாகத் தூங்கத் தெரியாத, எப்போதும் அடுத்த உத்தரவுக்குக் காத்திருக்கும் இந்த இனத்துக்கு ஓய்வையும் பாடமாகவே சொல்லித் தரவேண்டியிருக்கிறது. ஒரு மூலை, ஒரு பாய், ‘போதும்’ என்ற சொல், படுத்தால் ஒரு துண்டு பிஸ்கட். ஒரு மாதம் பொறுமையாகச் செய்தால் வீட்டின் முகமே மாறும்.

கலப்பின நாய்க்கு இந்தப் பாடங்கள் அப்படியே பொருந்துமா? கொஞ்சம் பொருந்தும், கொஞ்சம் பொருந்தாது. அமெரிக்காவில் 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் உரிமையாளர்களிடம் தகவல் திரட்டி, 2,000க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவைப் படித்த ஓர் ஆய்வு 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. நாய்க்கு நாய் காணப்படும் குண வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தைத்தான் இனத்தை வைத்து விளக்க முடிந்தது. எஜமானர் சொல்லைக் கேட்கும் தன்மை போன்ற சில குணங்களில் மட்டும் இனத்தின் சாயல் கூடுதலாகத் தெரிந்தது. காதையும் வாலையும் பார்த்து ரத்தத்தைக் கணிப்பதும் நம்பகமானதல்ல என்று மரபணுப் பரிசோதனைகள் பல தடவை காட்டியிருக்கின்றன. ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளில் ஒன்று ஸ்கூட்டரைக் கண்டு பாயும். மற்றது அதன் நிழலில் படுத்துத் தூங்கும். கலப்பினத்தை வளர்ப்பவர் இனப் புத்தகத்தைவிடத் தன் நாயைத்தான் அதிகம் படிக்கவேண்டும்.

இதே சங்கடத்தில் அரசாங்கமும் ஒருமுறை மாட்டிக்கொண்டது. 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 ‘ஆபத்தான’ நாய் இனங்களையும் அவற்றின் கலப்புகளையும் தடுக்கும்படி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. பட்டியலில் காகசஸ், மத்திய ஆசியா, தெற்கு ரஷ்யா ஆகிய பிரதேசங்களின் ஷெப்பர்டுகளும் இருந்தன. கலப்பு என்பதை எந்த அதிகாரி எதை வைத்து முடிவு செய்வார் என்பதற்குச் சுற்றறிக்கையில் வழியில்லை. பாதிக்கப்படுவோரின் கருத்தைக் கேட்காமல் பிறப்பிக்கப்பட்டது என்பது முக்கியமான ஆட்சேபமாக எழுந்தது. கர்நாடக உயர் நீதிமன்றமும் தில்லி உயர் நீதிமன்றமும் அடுத்த மாதமே அதை ரத்து செய்தன.

ரத்தத்தைப் பற்றிய அக்கறை உயிர் காக்கும் இடம் ஒன்று உண்டு. அது நீதிமன்றமல்ல; மருந்துக் கடை. இந்தியாவில் உண்ணிக்கும் சொறிக்கும் ஐவர்மெக்டின் சர்வசாதாரணமாகக் கொடுக்கப்படுகிறது. மலிவு, கைக்கெட்டும் மருந்து, பக்கத்து வீட்டு நாய்க்குக் கேட்டது. ஆனால் கோலி வகை நாய்கள் பலவற்றிலும், ஜெர்மன் ஷெப்பர்டுகள் சிலவற்றிலும் எம்.டி.ஆர்.1 என்ற மரபணுவில் ஒரு பழுது இருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இது 2001இல் கண்டுபிடிக்கப்பட்டது. சாதாரண நாயில் இந்த மரபணு மூளைக்குள் நுழையும் மருந்தை வெளியே தள்ளும் காவலாக வேலை செய்கிறது. பழுதுள்ள நாயில் காவல் இல்லை. மருந்து மூளையில் சேர்ந்து தள்ளாட்டம், எச்சில் வடிதல், நடுக்கம், பார்வை இழப்பு, மயக்கம் என்று போய் உயிரையும் பறிக்கலாம். முறிமருந்து கிடையாது.

இதயப்புழுவைத் தடுக்கத் தரும் மிகச் சிறிய அளவு இத்தகைய நாய்களுக்கும் பாதுகாப்பானது. சொறிக்கும் உண்ணிக்கும் தரும் அளவு அதைப்போல் பல மடங்கு. பழுது கலப்பினக் குட்டிக்கும் கைமாறும், வெளித்தோற்றத்தில் தெரியாது. ‘வெள்ளைக் கால் என்றால் மருந்து வேண்டாம்’ என்பது கால்நடை மருத்துவர்களிடையே ஒரு பழைய எச்சரிக்கை. ஆனால் கால் கறுப்பாக இருப்பது எந்த உத்தரவாதமும் அல்ல. கன்னத்தின் உட்புறத்திலிருந்து ஒத்தியெடுத்துச் செய்யும் மரபணுப் பரிசோதனை இருக்கிறது. அதற்கு வசதியில்லாதவர்கள், ‘இதில் மேய்ச்சல் நாய் ரத்தம் இருக்கலாம்’ என்ற ஒரு வரியை முதல் நாளே மருத்துவரிடம் சொல்லி, நாயின் அட்டையில் எழுதச் செய்தால் போதும். உண்ணிக்கு மாற்று மருந்துகள் உண்டு. உண்ணியை அலட்சியப்படுத்தவும் முடியாது. அது கொண்டுவரும் எர்லிக்கியா, பாபேசியா காய்ச்சல்கள் இந்திய நாய்களைப் பெரிதும் வாட்டுகின்றன. வேண்டியது மருந்தை விடுவதல்ல. மருந்தைத் தானே வாங்கித் தானே போடுவதை விடுவது.

வெயில் இன்னொரு எதிரி. குளிர் நாட்டு மலைக்காக உண்டான இரட்டை ரோமம் தில்லியின் ஜூன் மாதத்தை எதிர்பார்க்கவில்லை. நாய்க்கு வியர்வை பாதங்களில் மட்டும். மற்றபடி மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். அதற்காக மொட்டையடிப்பதும் பிசகு. அந்த ரோமம் வெயிலுக்கும் திரைதான். உதிரும் அடிமயிரைச் சீவி எடுத்தால் காற்றோடும். கோடையில் நடை காலை 6 மணிக்குள் முடியவேண்டும். சாலையில் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் பாதங்களையும் வைக்க முடியாது. மேய்ச்சல் நாயிடம் இதில் ஒரு விசேஷத் தொல்லை உண்டு. எஜமானர் நிறுத்தும்வரை அது நிற்காது. களைத்தேன் என்று சொல்லத் தெரியாத தொழிலாளியின் உடம்புக்கு முதலாளிதான் பொறுப்பு.

சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், அடியும் உதையும் மட்டுமே வதை என்று கருதவில்லை. வழக்கமாகக் கட்டிப்போட்டோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்கு நியாயமான உடற்பயிற்சி தராத உரிமையாளரும் வதை செய்தவரே என்கிறது 11ஆவது பிரிவு. காரணமின்றிக் கைவிடுவதும் அதே பிரிவில் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. 60 ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தத் தொகை மாறவில்லை. ஒரு பாக்கெட் நாய் பிஸ்கட் இதைவிட விலை அதிகம். நாயால் பிறருக்கு ஆபத்து நேராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவு வரும். அதில் ஆறு மாதச் சிறை, 5,000 ரூபாய் அபராதம் வரை இடமிருக்கிறது. மறுபுறம், குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்பு நாயைப் பெரும்பான்மை ஓட்டெடுத்தும் தடைசெய்ய முடியாது என்று இந்தியப் பிராணிகள் நல வாரியம் 2015இல் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. உரிமை இருக்கிறது. லிஃப்டில் பக்கத்து வீட்டுக் குழந்தை பயந்து சுவரோடு ஒட்டி நிற்கும்போது அந்த உரிமையைப் படித்துக் காட்டுவதால் நட்பு வளராது. அடுத்த லிஃப்டுக்குக் காத்திருப்பது சுலபம்.

கைவிடுதல் பெரும்பாலும் கொடூரர்களின் செயல் அல்ல. நல்லவர்கள், நாயை நேசித்தவர்கள், ஒரு வருஷம் போராடியவர்கள்தான் ஒருநாள் அதைக் காரில் ஏற்றுகிறார்கள். 2020 ஊரடங்கில் வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது பலர் குட்டிகளை வாங்கினார்கள். நாள் முழுக்க ஆள் நிறைந்த வீட்டில் மேய்ச்சல் குட்டிக்கு மந்தைக்குப் பஞ்சமில்லை. அலுவலகங்கள் திறந்ததும் ஒரே வாரத்தில் மந்தை காணாமல் போயிற்று. கதவைப் பிராண்டியது, ஊளையிட்டது, அண்டை வீட்டார் எழுதிக் கொடுத்தார்கள். பிறகு வருவது இடமாற்றம், பிரசவம், மாமியாரின் ஆஸ்துமா. காரணங்கள் பொய்யில்லை. ஆனால் கிண்ணத்தில் சோறு விழுவதை மட்டுமே பார்த்த நாய், தெருவில் இறக்கிவிடப்பட்டால் அங்கே பிறந்த நாயைப் போலப் பிழைக்கத் தெரியாது. ஏற்கெனவே உள்ள நாய்கள் தங்கள் எல்லையில் அதைச் சேர்ப்பதும் இல்லை. தில்லி வட்டாரத்துத் தெருநாய்களைப் பற்றி 2025 ஆகஸ்டில் மட்டும் உச்ச நீதிமன்றம் இரண்டு உத்தரவுகள் பிறப்பிக்க வேண்டியிருந்தது. முதலாவதை இரண்டாவது திருத்தியது. தெருவின் பிரச்சினையைத் தீர்க்க நாடே தடுமாறும்போது வீட்டிலிருந்து ஒரு நாயைத் தெருவுக்கு அனுப்புவது யாருக்கும் உதவி அல்ல.

வீட்டுக்குள்ளேயும் ஒரு கணக்குப் பார்க்கவேண்டும். நாய் யாருடையது என்று கேட்டால் மகனுடையது என்பார்கள். காலை ஐந்தரைக்கு எழுவது அம்மா. மழையில் கூட்டிப்போவது மாதச் சம்பளத்துக்கு வரும் பையன். ஒரே நேரத்தில் நான்கு வீட்டு நாய்களின் கயிறுகள் அவன் கையில். ஸ்கூட்டரைக் கண்டு பாயும் நாய் இழுத்து விழுந்தால் அடிபடுவது அவன்தான். அவனுக்கும் அந்தப் பாடங்களையும் சொற்களையும் சொல்லித் தந்து, நெஞ்சோடு பூட்டும் வார்ப்பட்டையும் நல்ல கயிறும் வாங்கித் தருவது குடும்பத்தின் பொறுப்பு. நாயின் ஆசிரியராக வேலை பார்ப்பவருக்குக் கயிறு பிடிக்கும் கூலி மட்டும் தருவது நியாயமில்லை.

ஆகவே குட்டியைப் பார்ப்பதற்கு முன் கடிகாரத்தைப் பார்ப்பது நல்லது. நடைக்கும் பாடத்துக்குமாக நாளுக்கு இரண்டு மணி நேரம், வெள்ளிக்கிழமையிலும் தீபாவளியிலும் காய்ச்சல் நாளிலும், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள். வீட்டில் இருவராவது சம்மதித்து எழுந்திருக்கவேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது என்பது 2017ஆம் ஆண்டின் விதி. அதற்குமுன் தர முன்வருபவரிடம் வாங்காமல் திரும்பிவிடலாம். தாய் நாயைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். வளர்ந்த கலப்பினத்தைக் காப்பகத்திலிருந்து எடுப்பதில் ஒரு சௌகரியமும் உண்டு. குட்டியில் எல்லாம் ஊகம்; இரண்டு வயது நாயில் காதும் குணமும் ஏற்கெனவே முடிவாகியிருக்கும். ஸ்கூட்டர் போகும் சாலையில் அரை மணி நேரம் நடத்திப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும்.

இந்த வேலையைக் கொடுக்க முடிந்தவர்களுக்குக் கிடைப்பது சாதாரண நாய் அல்ல. முகக்குறிப்பைப் படிக்கும், சொல்லுக்குமுன் எழும், வீட்டில் யார் இன்னும் வந்து சேரவில்லை என்பதை வீட்டாருக்கு முன்பே கவனிக்கும் துணை. ராணுவத்தின் மாலினுவாக்களில் நாடு பார்த்து வியப்பதும் இதே குணத்தைத்தான். 2022இல் காஷ்மீரில் குண்டடிபட்டு இறந்த ஜூம் அந்தக் குலத்தைச் சேர்ந்தது. அங்கே ஒவ்வொரு நாய்க்கும் அதற்கென்றே ஒரு பயிற்றுநர், காலை முதல் இரவு வரை திட்டமிட்ட நாள். அந்தப் படத்தைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் படத்தில் கயிற்றின் மறுமுனையில் நிற்கும் மனிதரையும் பார்க்கவேண்டும்.

முடியாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. நாய் வேண்டும், நேரம் இல்லை என்பது பாவமும் அல்ல. ஓடி முடித்து, நரைத்த முகவாயோடு, யாராவது கூப்பிடமாட்டார்களா என்று காப்பகங்களில் படுத்திருக்கும் வயதான நாய்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவற்றுக்கு ஆடு வேண்டாம், மலை வேண்டாம். சோபாவில் ஒரு மூலை கிடைத்தால் போதும். கிழிக்கவும் மாட்டா.